அமிகாவுக்கு இலவச எமுலேட்டரா, காசு கொடுத்து வாங்கறதா: ஒரு புறா கிளப்போட கணக்கை மீட்ட கதை

பின்னணி

இது வட இங்கிலாந்துல நடந்தது. என்கூட வேலை பாக்குற நண்பர் ஒருத்தர், அவரோட அப்பாவுக்கு இப்போ 78 வயசு, ரொம்ப வருஷம் அவங்க ஊர் புறாப் பந்தய கிளப்புக்கு செக்ரட்டரியா இருந்தவர். அந்தப் பக்கம் நிலக்கரி சுரங்க ஊர்கள்ல புறா வளர்க்கறது தலைமுறையா வர்ற பழக்கம். நம்ம வட சென்னையில மொட்டை மாடில கூண்டு கட்டி ஹோமர் புறா விடறவங்களைப் பக்கத்துல இருந்து பார்த்திருந்தா அந்த மனுஷங்களை உங்களுக்கு நல்லாவே தெரியும்.

பந்தயத்துல எந்தப் புறா முதல்ல வந்துச்சுன்னு பாத்து பரிசு கொடுக்க முடியாது. எல்லாப் புறாவையும் ஒரே இடத்துல ஒரே நேரத்துல திறந்து விடுவாங்க, ஆனா ஒவ்வொண்ணும் அதோட சொந்தக் கூண்டுக்குத்தான் போகும், ஒவ்வொரு கூண்டுக்கும் தூரம் வேற. அதனால தூரத்தை கெஜத்துல எடுத்து, பறந்த நேரத்தை நிமிஷத்துல எடுத்து வகுத்து, நிமிஷத்துக்கு இத்தனை கெஜம்னு வேகம் போடணும், அதுல யாருக்கு அதிகமோ அவங்களுக்குத்தான் பரிசு. சனிக்கிழமை சாயங்காலம் இருபது முப்பது பேர் டைமிங் கடிகாரத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க, அத்தனைக்கும் கால்குலேட்டர்ல கணக்கு போட்டு முடிக்க ராத்திரி பதினோரு மணி ஆகுமாம்.

1992ல பெரியவர் அமிகா 500 ப்ளஸ்னு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர், கொமடோர் கம்பெனியோடது, வாங்கியிருக்கார், பசங்க கேம் விளையாடத்தான். அப்புறம் ஆமோஸ் பேசிக்னு அமிகாவுக்கான ஒரு ப்ரோக்ராம் மொழி கையில கிடைச்சு, அவராவே படிச்சு அந்த வேகக் கணக்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிட்டார். 1994 ஏப்ரல்ல கொமடோர் கம்பெனி திவாலாச்சு, ஆனாலும் 1999 வரைக்கும் கிளப் ரிசல்ட் எல்லாம் அந்த மெஷின்லதான் ஓடியிருக்கு.

போன வருஷம் கிளப்புல பழைய ரிசல்ட்டெல்லாம் தொகுத்து ஒரு சின்ன புத்தகம் போடலாம்னு பேச்சு வந்துச்சு. 92ல இருந்து 94 வரைக்கும் பேரேடு கையில இருக்கு, 95ல இருந்து 99 வரைக்குமான நோட்டு கிளப் ரூம்ல தண்ணி புகுந்தப்ப போயிடுச்சு. மிச்சம் இருந்தது ஃப்ளாப்பி மட்டும்தான், ஷூ டப்பா ரெண்டுல மொத்தம் 43. நண்பர் என்கிட்ட கேட்டது ஒரே கேள்வி, "எமுலேட்டர் இலவசமாவும் இருக்கு, காசுக்கும் இருக்கு, எதை எடுக்கணும்?" எமுலேட்டர்னா பழைய மெஷின் மாதிரியே நடிச்சு அதோட ப்ரோக்ராமை இன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஓட்டற சாஃப்ட்வேர். அந்தக் கேள்விக்கு சரியான பதில் கிடைக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆச்சு.

முதல்ல என்ன பார்த்தோம்

மெஷினை கீழ திருப்பி ஸ்க்ரூ கழட்டினப்பவே தெரிஞ்சு போச்சு. 500 ப்ளஸ்ல கடிகாரத்துக்காக போர்டு மேலயே ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரியை சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க. அது வருஷக்கணக்கா கசிஞ்சு, சுத்தி இருந்த காப்பர் கோடெல்லாம் பச்சைப் பொடியா பூத்துப் போயிருந்துச்சு, விரலால தொட்டா உதிருது. இந்த மாடல்ல இது எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதிதான். பவர் போட்டா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. ரிப்பேர் பண்ண முடியாதுன்னு இல்ல, ஆனா அது தனி வேலை, பெரியவருக்கும் அதை அறுத்து நோண்டறதுல விருப்பம் இல்ல.

இதுக்கு நடுவுல ஒரு ஆபத்து நூலிழையில தப்பிச்சுது. நண்பர் நான் போறதுக்கு முன்னாடியே ஒரு யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி ஒரு டிஸ்க்கை விண்டோஸ் லேப்டாப்ல போட்டிருக்கார். உடனே "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் பண்ணாத்தான் யூஸ் பண்ண முடியும், பண்ணட்டுமா"ன்னு கேட்டிருக்கு, அவர் கை மவுஸ் மேல இருந்துச்சு, ஏதோ தோணி கேன்சல் பண்ணிட்டார். அந்த டிஸ்க்கோட மூலையில இருக்கற சின்ன பிளாஸ்டிக் நாக்கு மூடியே இருந்துச்சு, அதாவது எழுத அனுமதி உண்டு. ஆமான்னு அழுத்தியிருந்தா 1996 சீசன் அன்னிக்கே காலி. அன்னிக்கு சாயங்காலமே 43 டிஸ்க்லயும் அந்த நாக்கைத் தள்ளி ஓட்டை தெரியற மாதிரி வெச்சோம், வேற எதுவும் செய்யறதுக்கு முன்னாடி.

பிசி ஏன் படிக்கலன்னா, ஃப்ளாப்பி ஒரே ஃப்ளாப்பிதான், எழுதற விதம்தான் வேற. பிசி ஒரு டிராக்குக்கு, அதாவது டிஸ்க்ல ஒரு வட்டத்துக்கு, 9 செக்டார்னு (துண்டு) எழுதி 720 கேபி வைக்கும், அமிகா முழு டிராக்கையும் ஒரே மூச்சுல 11 செக்டாரா எழுதி 880 கேபி வைக்கும், யூஎஸ்பி டிரைவுக்கு அந்த அமைப்பு புரியவே புரியாது. அதனால கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு வாங்கினோம். பழைய பிசில இருந்து கழட்டின சாதா ஃப்ளாப்பி டிரைவை அதுல சொருகிட்டா, டிஸ்க்ல இருக்கற காந்த மாற்றங்களை அப்படியே படிச்சு கொடுத்துடும், அதோட சாஃப்ட்வேர் இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே இருக்கு.

எமுலேட்டரைத் தொடறதுக்கு முன்னாடி இமேஜ், அதாவது முழு டிஸ்க்கோட நகலை ஒரே ஃபைலா, எடுக்கணும்னு நான் பிடிவாதமா நின்னேன். எமுலேட்டர் எதுன்னு அப்புறம் பத்து தடவை மாத்திக்கலாம், டிஸ்க்கோட காந்தப் பூச்சு உதிர்ந்தா திரும்ப வராது. டிஸ்க்குக்கு ஒண்ணு ஒன்றரை நிமிஷம்தான் ஆச்சு, 38 டிஸ்க் முதல் தடவையே சுத்தமா வந்துச்சு. அஞ்சுல வெள்ளையா பூஞ்சை இருந்துச்சு, ஷட்டரை ஒதுக்கிப் பார்த்தா டார்ச் வெளிச்சத்துல பொட்டுப் பொட்டா தெரியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால மெதுவா சுத்தி சுத்தி துடைச்சதுல மூணு வந்துச்சு, ரெண்டு வரல. ஆக 41 இமேஜ், ஒவ்வொண்ணும் சரியா 901120 பைட்.

எமுலேட்டர் எதுக்கெல்லாம் தேவை

இந்தக் கேள்வியை யாரும் முதல்ல கேக்கறதில்ல, நாங்க கேட்டது நல்லதாப் போச்சு. டிஸ்க்ல இருந்ததுல டீலக்ஸ் பெயின்ட்ல பசங்க வரைஞ்ச படம் நிறைய, அதெல்லாம் இன்னிக்கு இர்ஃபான்வியூல நேரா திறக்குது. புரோட்ராக்கர் பாட்டு கொஞ்சம் இருந்துச்சு, அது விஎல்சிலயே ஓடுது. சாதா டெக்ஸ்ட் ஃபைலுக்கும் ஒண்ணும் வேண்டாம். பெரியவர் எழுதின கணக்கு ப்ரோக்ராமும் அது தன் சொந்த அமைப்புல சேமிச்சு வெச்ச ரிசல்ட் ஃபைலும்தான் எமுலேட்டர் இல்லாம அசையாத விஷயம். 41 டிஸ்க்ல ஏழு மட்டும்.

கையில இருந்த வழிகளும் எடுத்த முடிவும்

அமிகாவுல எல்லாரும் குழம்பற இடம் ஒண்ணு இருக்கு. எமுலேட்டர் விஷயத்துல இலவசம், காசுன்னு ரெண்டு கட்சியே கிடையாது. 1995ல ஆரம்பிச்ச யூஏஇங்கிற ப்ரோக்ராம்தான் எல்லாத்துக்கும் தாய், விண்டோஸுக்கு வின்யூஏஇ, மேக் லினக்ஸ் எல்லாத்துக்கும் சேத்து எஃப்எஸ்-யூஏஇ, எல்லாமே ஜிபிஎல்ங்கிற திறந்த லைசென்ஸ்ல இலவசம். க்ளோவான்டோ கம்பெனி 1997ல இருந்து காசுக்கு விக்கற அமிகா ஃபாரெவர் பெட்டிக்குள்ள ஓடறதும் அதே எஞ்சின்தான். அப்போ காசு எதுக்கு? கிக்ஸ்டார்ட் ராமுக்கு (ROM, மெமரின்னு சொல்ற RAM இல்ல). அமிகா போர்டுல இருந்த ஒரு சிப்புக்குள்ள சிஸ்டத்தோட அடிப்படையே இருக்கு, அது இன்னமும் காப்பிரைட்ல இருக்கற பொருள், அதை எமுலேட்டரோட சேத்து இலவசமா கொடுக்க முடியாது. காசு கொடுத்தா அந்த ராமும் வொர்க்பெஞ்ச் (அமிகாவோட டெஸ்க்டாப்) டிஸ்க்குகளும் லைசென்ஸோட வருது, கூடவே டபுள் கிளிக்ல ஓடற மாதிரி கட்டிக் கொடுக்கறாங்க.

ராமை எங்கிருந்து எடுக்கறதுங்கறதுதான் கேள்வின்னு புரிஞ்சதும் வழிகள் தெளிவாச்சு. வின்யூஏஇ கூடவே வர்ற ஆரோஸ்ங்கிற ராமை யூஸ் பண்ணலாம், அது அமிகா சிஸ்டத்தைப் பார்த்து புதுசா எழுதினது, முழு இலவசம். இல்லன்னா பெரியவரோட மெஷின்ல இருக்கற கிக்ஸ்டார்ட் 2.04 சிப்பைக் கழட்டி ரீடர்ல வெச்சுப் படிக்கலாம், ஆனா 40 கால் சிப்பு, சாக்கெட்டே பச்சை பூத்துக் கிடக்கு, ஒரு கால் ஒடிஞ்சா போச்சு. நெட்ல யாரோ ஏத்தி வெச்சதை இறக்கலாம், இதை நண்பர் சொன்னப்ப பெரியவர் ஒரே வார்த்தையில வேண்டாம்னுட்டார், கிளப் காசுல ஒரு பென்னி கூட கணக்கு தப்பாம வெச்சிருந்த மனுஷன், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. 2022ல வந்த ஏ500 மினியையும் பார்த்தோம், ஆனா அது கேம் விளையாடறதுக்காக செஞ்ச பெட்டி, ரிசல்ட் ஷீட் பிரின்ட் எடுக்கற வேலைக்கு சரிப்படாது. கடைசி வழி அமிகா ஃபாரெவர்.

இலவசத்துல ஆரம்பிக்கலாம், நின்னு போனா காசு கொடுப்போம்னு முடிவு பண்ணோம். இதுக்கு ஒரே காரணம், ஆரோஸ்ல ஓடிட்டா பெரியவருக்கும் கிளப்புக்கும் எந்தச் செலவும் இல்ல, யார் வேணா எந்த மெஷின்ல வேணா ஓட்டலாம்.

ஆரோஸ்ல நடந்தது

பூட் ஆச்சு. டிஸ்க்கைப் போட்டா ஃபைல் பேரெல்லாம் வரிசையா வந்துச்சு, 95, 96, 97ன்னு ஒவ்வொரு சீசனும். பெரியவர் கண்ணாடியைப் போட்டுட்டு பக்கத்துல வந்து ஒவ்வொரு பேரா வாசிச்சார். ஆனா ப்ரோக்ராமைக் கிளப்பினா ஸ்க்ரீன் கருப்பாகி அப்படியே நின்னுடுச்சு. மெமரியை ஏத்தி இறக்கிப் பார்த்தோம், சிபியு வேகத்தை நிஜ 500 ப்ளஸ் மாதிரி வெச்சோம், மாறல. ஆமோஸ்ல எழுதினது சிஸ்டத்தோட உள் அமைப்பையும் ஹார்ட்வேரையும் நேராத் தொடும், ஆரோஸ் எவ்வளவு நல்ல வேலைன்னாலும் எல்லா ப்ரோக்ராமும் அதுல ஓடாது. ரெண்டு வாரம் இதுல போச்சு.

காசு கொடுத்ததுல நடந்தது

அமிகா ஃபாரெவர்ல வேல்யூ, ப்ளஸ், ப்ரீமியம்னு மூணு எடிஷன். ஒரு ப்ரோக்ராம் ஓட்டறதுக்கு எதுக்கு பெருசுன்னு நாங்க இருக்கறதுலயே மலிவான வேல்யூவை வாங்கினோம். அதுல வர்ற ராம் கிக்ஸ்டார்ட் 1.3. அது அவங்க ஒப்பீட்டுப் பட்டியல்லயே இருந்துச்சு, நாங்கதான் பெருசா எடுத்துக்கல, 1.3 தானே அதிகம் பேர் யூஸ் பண்ணினது, போதும்னு நினைச்சோம்.

டிஸ்க் இமேஜைப் போட்டதும் "யூனிட் 0ல இருக்கறது டாஸ் டிஸ்க் இல்ல"ன்னு வந்துச்சு. அடுத்த டிஸ்க், அதே. ஏழும் அதே. நண்பர் முகம் வாடிப் போச்சு, இமேஜ் எடுக்கறப்பவே தப்பு பண்ணிட்டோமோ, டிஸ்க்கெல்லாம் செத்துப் போச்சோன்னு. நானும் ஒரு அரை மணி நேரம் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, இதே இமேஜ் ஆரோஸ்ல ஃபைல் லிஸ்ட் காட்டுச்சே, ஃபைல் கெட்டிருந்தா அங்க எப்படித் தெரியும்?

ஃபைலோட ஒவ்வொரு பைட்டையும் நம்பரா காட்டற ஹெக்ஸ் வியூவர்ல இமேஜைத் திறந்து முதல் நாலு பைட்டைப் பார்த்தோம். டி, ஓ, எஸ்னு மூணு எழுத்து, நாலாவது பைட்ல 01. அது 00ன்னு இருந்தா பழைய ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்கற முறை), 01ன்னா ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம். கிக்ஸ்டார்ட் 1.3க்கு ஃப்ளாப்பில ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கத் தெரியாது, 2.0ல இருந்துதான் அது ராமுக்குள்ளயே வந்துச்சு. பெரியவர்கிட்ட கேட்டோம், உடனே ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு. பழைய முறையில ஒவ்வொரு 512 பைட் பிளாக்லயும் 488 பைட்தான் நம்ம டேட்டாவுக்கு, ஃபாஸ்ட்ல முழு 512ம் நமக்கே, ஒரு டிஸ்க்ல முடிஞ்ச அளவு அதிகம் அடங்கணும்னு அவரே அப்படி ஃபார்மேட் பண்ணியிருக்கார். அதனாலதான் காசு கொடுத்து வாங்கினது படிக்காத டிஸ்க்கை இலவசம் படிச்சுது, இலவசத்துல ஓடாத ப்ரோக்ராமுக்கு நிஜ ராம் வேண்டியிருந்துச்சு.

ப்ளஸ் எடிஷனுக்கு மாறினோம், அதுல 2.04 இருக்கு. மாடல் அமிகா 500 ப்ளஸ், ராம் 2.04, சிப் மெமரி 1 எம்பி, பெரியவர் மெஷின்ல இருந்தது அப்படியே. டிஸ்க்கைப் போட்டு டபுள் கிளிக், நாலஞ்சு செகண்ட் டிரைவ் கடகடன்னு சத்தம், நீல ஸ்க்ரீன்ல கிளப் பேரும் கீழ ஒரு கட்டம் கட்டமா வரைஞ்ச புறாவும். அந்தப் புறாவை வரைஞ்சது என் நண்பர், அப்போ பன்னண்டு வயசு, அவருக்கே அது மறந்து போயிருந்துச்சு.

சரிபார்த்த விதம்

ஓடுதுன்னு மட்டும் நம்பி விட முடியாது, புத்தகத்துல அச்சாகப் போற நம்பர். 1994 பேரேடு கையில இருந்ததால அந்த சீசனை வெச்சு ஒத்துப் பார்த்தோம். ஒரு உதாரணம்: தூரம் 98 மைல் 440 கெஜம், அதாவது 1,72,920 கெஜம், பறந்த நேரம் 2 மணி 21 நிமிஷம் 15 செகண்ட், அதாவது 141.25 நிமிஷம். ப்ரோக்ராம் காட்டினது 1224.212. பேரேட்டுல பெரியவர் கையெழுத்துல 1224.212. ஃபோன் கால்குலேட்டர்லயும் அதுவே. இப்படி நாப்பது பதிவு பார்த்தோம், ஒரு இடத்துல மட்டும் பேரேட்டுல கடைசி இலக்கம் வேற மாதிரி இருந்துச்சு, அது கையால எழுதறப்ப வந்த பிழைன்னு பெரியவரே திருத்திக்கிட்டார்.

பிரின்ட்டுக்கு ப்ரோக்ராம் எப்சன் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரைத்தான் எதிர்பாக்குது. வின்யூஏஇ செட்டிங்க்ஸ்ல எப்சன் பிரின்டர் மாதிரி நடிக்கற வசதி இருக்கு, அதை ஆன் பண்ணதும் இன்னிக்கு இருக்கற லேசர் பிரின்டர்லயே பழைய ரிசல்ட் ஷீட் அப்படியே வந்துச்சு.

கடைசியா எப்படி அமைஞ்சுது

பெரியவர் விண்டோஸ் லேப்டாப்ல அமிகா ஃபாரெவர் இருக்கு, ஐகானைத் தட்டினா நேரா அவர் ப்ரோக்ராம். அவருக்கு செட்டிங்க்ஸ் எதுவும் தேவையில்ல, அந்த வகையில கொடுத்த காசு தகும்.

நண்பர்கிட்ட இருக்கறது மேக், அமிகா ஃபாரெவரோட ப்ளேயர் விண்டோஸுக்கு மட்டும்தான். ஆனா வாங்கின ராம் ஃபைலை இலவச எஃப்எஸ்-யூஏஇல வெச்சு ஓட்ட முடியும். முதல்ல ராமை மட்டும் காப்பி பண்ணோம், எமுலேட்டர் அடையாளமே கண்டுக்கல, ஏன்னா அந்த ராம் ஃபைல் பூட்டு போட்டது, கூடவே வர்ற கீ ஃபைலையும் அதே ஃபோல்டர்ல வைக்கணும். வெச்சதும் சரியாச்சு. ஆக ஒரே ராம், ரெண்டு எமுலேட்டர், ஒண்ணு நாளைக்கு நின்னு போனாலும் இன்னொண்ணு இருக்கு. ரிசல்ட் எல்லாத்தையும் டெக்ஸ்ட் ஃபைலாவும் எடுத்து மூணு இடத்துல வெச்சிருக்கோம், அதுக்கு எந்த எமுலேட்டரும் வேண்டாம்.

திரும்பச் செஞ்சா என்ன மாத்துவேன்

இமேஜ் எடுத்த கையோட நாலாவது பைட்டைப் பார்த்திருப்பேன். ஒரு நிமிஷ வேலை, எந்த ராம் வேணும்னு அதுவே பாதி சொல்லிடும். மெஷினோட மாடல் பேரும் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு, 500 ப்ளஸ்னா 2.04, அதை விட்டுட்டு 1.3 வாங்கினது முழுக்க எங்க அவசரம்.

ஆரோஸ்ல ரெண்டு வாரம் போனதை வீண்னு சொல்ல மாட்டேன், அது இல்லாம இருந்திருந்தா "டாஸ் டிஸ்க் இல்ல"ன்னு வந்த அன்னிக்கே கை கழுவியிருப்போம். ஆனா அடுத்த தடவை அதுக்கு ரெண்டு நாள்தான் கொடுப்பேன். கேம் மட்டும் விளையாடறவங்க, டிஸ்க்ல இருக்கறதை எட்டிப் பாக்க நினைக்கறவங்க ஆரோஸோட ஆரம்பிக்கட்டும். சொந்தமா எழுதின ப்ரோக்ராம், ஆமோஸ், கணக்கு மாதிரி விஷயம்னா நேரா தங்கள் மெஷினுக்குப் பொருந்தற நிஜ ராமுக்குப் போறதுதான் நல்லது.

யூஎஸ்பி டிரைவை முதல் நாளே ஒதுக்கி வெக்கச் சொல்லியிருக்கணும், நண்பர் என்கிட்ட ஃபோன்ல பேசினப்பவே. அதை நான் சொல்லல.

வராத ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு 1998 சீசனோட பிற்பாதி. தூக்கிப் போடல. கிரீஸ்வீசல் படிச்ச காந்தப் பதிவை முழுசா சேமிச்சிருக்கோம், வேற ஒரு டிரைவ் கிடைச்சதும் திரும்ப முயற்சி பண்ணப் போறோம். அது வரைக்கும் புத்தகத்துல அந்த எட்டு பந்தயத்துக்கு இடம் காலியா விட்டு வெக்கச் சொல்லியிருக்கார் பெரியவர்.